சந்தேகத்துக்கு ஒரு கட்டடம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற யாருக்கும் அது ஒரு புகைப்படம் என்றுதான் தோன்றும். உடம்புக்குள் ஒரு கேமரா போய், இருப்பதை இருக்கிறபடி எடுத்து வந்துவிட்டது என்ற நம்பிக்கை அந்தக் கறுப்பு பிலிமைப் பார்த்த மாத்திரத்தில் வந்துவிடுகிறது. மருத்துவமனைகளும் ஸ்கேன் சென்டர்களும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். நோயாளிக்கு மாலைக்குள் ரிப்போர்ட் வேண்டும். அறுவை சிகிச்சை செய்கிறவருக்குக் கட்டி எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த நேரத்தில் படம் என்றால் என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்க யாருக்கும் அவகாசம் கிடையாது. ஆனாலும் எம்.ஆர்.ஐ. படம் புகைப்படம் இல்லை என்பது உண்மை. அது கணக்குப் போட்டு வந்தடைந்த முடிவு. பல அனுமானங்களைத் தாங்கி நிற்கும் ஒரு வாதம். எல்லா வாதங்களையும்போல அதுவும் பிசகக்கூடும். பிசகும் இடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஓர் இடம் எங்காவது இருந்தாக வேண்டும். பல்கலைக்கழகங்களில் இயங்கும் காந்த ஒத்ததிர்வுப் படிம ஆய்வு மையங்களுக்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது இதுதான் என்பது என் கட்சி. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், மினியாபொலிஸ் நகரில் உள்ள காந்த ஒத்ததிர்வு ஆய்வு மையத்தை முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்டு அதை இங்கே விவாதிக்கிறேன்.

படம் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், தண்ணீரில் ஹைட்ரஜன், ஹைட்ரஜனின் அணுக்கரு ஒற்றைப் புரோட்டான். வலுவான காந்தப்புலத்துக்குள் வைத்தால் அந்தப் புரோட்டான்களின் காந்த அச்சு, சாய்ந்து சுழலும் பம்பரத்தின் அச்சைப் போலப் புலத்தின் திசையைச் சுற்றி வரும். 1.5 டெஸ்லா புலத்தில் இந்தச் சுற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம். புலத்தின் திசையோடு இணங்கி நிற்பவை, எதிர்த்து நிற்பவை என்று பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்துக்கு ஐந்து அளவில்தான் இருக்கும். அந்த ஐந்தை வைத்துத்தான் முழுப் படமும். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்திப் புரோட்டான்களைக் கலைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது எழும் மெல்லிய சமிக்ஞையைக் காயில் என்னும் கம்பிச் சுருள் பிடிக்கிறது. எந்தச் சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை, காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றிவைத்து அறிகிறார்கள். ஸ்கேன் அறையில் கேட்கும் அந்தத் தடதட ஓசை, இப்படிப் புலத்தை மாற்றும் கம்பிச் சுருள்கள் அதிர்வதால் வருவது. பிடித்த சமிக்ஞைகளைப் பூரியே மாற்றம் என்னும் கணித வழியில் பிரித்தெடுத்த பிறகுதான் படம் வரும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூளையின் அதே பகுதியை ஒரு முறையில் எடுத்தால் மூளைத் தண்டுவட நீர் கறுப்பாக வரும். வேறொரு முறையில் எடுத்தால் அதே நீர் வெள்ளையாக வரும். இரண்டும் சரிதான். கறுப்பும் வெள்ளையும் உடம்பில் இல்லை. நாம் கேட்ட கேள்வியில் இருக்கின்றன. ஆகவே, என்ன கேள்வி கேட்டோம், அந்தக் கேள்விக்குள் என்னென்ன முன்முடிவுகளை ஒளித்து வைத்தோம் என்று அறியாதவர் படத்தை வாசிக்கலாம். அதோடு வாதாட முடியாது.

இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால், பயனை முன்னிட்டுத் தொடங்கியவர்கள் குறைவு என்பது தெரியும். 1938இல் இசிடோர் ரபி மூலக்கூறுக் கற்றைகளில் அணுக்கருவின் காந்தப் பண்பை அளந்தபோதும், 1945 முடிந்து 1946 பிறக்கும் தறுவாயில் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் பாரபின் மெழுகிலும் ஸ்டான்போர்டில் பெலிக்ஸ் பிளாக் தண்ணீரிலும் அந்த ஒத்ததிர்வைக் கண்டபோதும் மருத்துவமனை யார் நினைவிலும் இல்லை. அடுத்த கால் நூற்றாண்டுக்கு இது வேதியியல் ஆய்வகங்களின் கருவியாகவே இருந்தது. 1973இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் பால் லாட்டர்பர், இரண்டு மெல்லிய குழாய்களில் இருந்த தண்ணீரை இந்த முறையில் படமாக்கிக் காட்டினார். அந்தக் கட்டுரையை ‘நேச்சர்’ இதழ் முதலில் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் வாதாடியதால் பிறகு வெளியிட்டது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மான்ஸ்பீல்டு 1977இல், ஒரே ஒரு ரேடியோத் துடிப்பில் முழுப் படத்தையும் எடுத்துவிடும் முறையைக் கணக்கில் நிறுவிக் காட்டினார். அன்றைய கருவிகளுக்கு அந்த வேகம் எட்டவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, மூளை வேலை செய்யும்போதே அதைப் படம் எடுக்கலாம் என்று ஆனபோது அந்த முறைதான் அதற்கு முதன்மையான வழி என்கிற நிலை வந்தது. 2003இல் லாட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பரிசை விட இங்கே முக்கியம் அந்தப் பதினைந்து ஆண்டு. கருவி வராத முறை ஒன்றை விட்டுவிடாமல் வைத்துக் காப்பாற்ற ஒரு பல்கலைக்கழகத் துறை இருந்தது.

மினசோட்டாவுக்கு வருவோம். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்போது ஒரு காந்தப் பண்பும், இறக்கிவிட்ட பிறகு வேறொரு காந்தப் பண்பும் கொண்டது என்பதை 1936இலேயே லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டிருந்தார்கள். 1990இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஓகாவா, எலிகளின் மூளையில் இந்த வேறுபாடு எம்.ஆர்.ஐ. படத்திலேயே தெரிவதைக் காட்டினார். மூளையில் எந்தப் பகுதி உழைக்கிறதோ அங்கே இரத்தம் கூடுதலாகப் பாயும். அப்படியானால் சாயம் எதுவும் ஏற்றாமலேயே உழைக்கும் பகுதியைக் காண முடியும் என்பது அவர் எண்ணம். ஆனால் பெல் ஆய்வகத்தில் மனிதரைப் படுக்க வைக்கும் அளவுக்குக் காந்தம் கிடையாது. மினசோட்டாவில் இருந்தது, அதுவும் 4 டெஸ்லா, அன்றைக்கு உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவற்றுள் ஒன்று. துருக்கியில் பிறந்த காமில் உகுர்பில் தலைமையிலான அந்தக் குழுவும் ஓகாவாவும் சேர்ந்து வெளியிட்ட முடிவுகள் 1992இல் வந்தன. அதே ஆண்டில் பாஸ்டனிலும் மில்வாக்கியிலும் இருந்து தனித்தனியே அதே முடிவு வந்தது. ஒரே கண்டுபிடிப்பு மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் நிகழ்ந்தது என்றால், அது தனி மனிதர் மேதைமையின் கதை ஆகாது. அதற்கான காந்தமும் காயிலும் கணக்குத் தெரிந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்துவிட்ட இடங்களில் அது நிகழ்ந்தது என்றுதான் பொருள்.

அந்தக் கூரையின் கீழ் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் மையம் என்பதன் இலக்கணம் புரியும். மருத்துவமனை ஸ்கேன் அறையில் டெக்னீஷியன் இருப்பார், ரேடியாலஜிஸ்ட் இருப்பார். கருவியின் உட்புறம் அவர்களுக்கு மூடிய பெட்டி. பழுது வந்தால் கம்பெனி ஆள் வர வேண்டும். ஆய்வு மையத்தில் அந்தப் பெட்டி திறந்திருக்கிறது. காயில் வடிவமைக்கிற மின்பொறியாளர், துடிப்புகளின் வரிசையை எழுதுகிற இயற்பியலாளர், திசுக்களில் நிகழும் வேதிமாற்றங்களை அறிந்தவர், நரம்பியல் மருத்துவர், உளவியலாளர் என்று பலரும் ஒருவர் வேலையில் ஒருவர் குறை கண்டுபிடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தில் ஒரு நிழல் விழுந்தால் அது நோயா, நோயாளி அசைந்ததா, காயிலின் குறையா, கணக்கின் குறையா என்று நாலு பேர் நாலு விதமாகச் சந்தேகப்படுவார்கள். இந்தச் சண்டைதான் அங்கே உற்பத்தியாகும் சரக்கு. மூளையைப் பல தளங்களாக ஒரே நேரத்தில் எடுக்கும் முறையை மினசோட்டாக் குழுவினர் 2010 வாக்கில் செம்மைப்படுத்தி, தங்கள் நிரல்களைப் பிற ஆய்வகங்களுக்கும் பகிர்ந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகம், ஆக்ஸ்போர்டு ஆகியவற்றோடு சேர்ந்து அவர்கள் நடத்திய மனித மூளை இணைப்புத் திட்டம் 1,200 பேர் அளவில் ஆரோக்கியமான இளம் வயதினரின் தரவைத் திரட்டிப் பொதுவில் வைத்தது. கருவியைத் திறந்து பார்ப்பவர்கள் தரவையும் திறந்து வைத்தார்கள். இது பின்னால் என்ன பலன் தந்தது என்பதைச் சற்று தள்ளிச் சொல்கிறேன்.

7 டெஸ்லா காந்தத்தின் கதை, இத்தகைய மையத்துக்கு எவ்வளவு காலம் கொடுக்க வேண்டும் என்பதற்குச் சரியான அளவுகோல். 1999இல் மினசோட்டாவில் மனிதருக்கான 7 டெஸ்லா கருவி இயங்கத் தொடங்கியபோது, இவ்வளவு உயர்ந்த புலத்தில் நல்ல படம் வராது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னது வெறும் வாய்ப்பேச்சில்லை. 7 டெஸ்லாவில் ரேடியோ அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 300 மெகாஹெர்ட்ஸ். திசுவுக்குள் அந்த அலையின் நீளம் 13 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மனிதத் தலை அதைவிடப் பெரியது. அலைகள் தலைக்குள்ளேயே ஒன்றோடொன்று மோதி, சில இடங்களில் கூடிப் பளிச்சிடும், சில இடங்களில் ஒன்றை ஒன்று அழித்து இருளும். படத்தில் நடுவே தெரியும் வெளிச்சம் மூளையைப் பற்றிய செய்தி ஆகாது. அலையைப் பற்றிய செய்தி. ஒரே வழியில் அனுப்பாமல் பல வழிகளில் அலையை அனுப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிக்கட்டும் உபாயங்களை மினசோட்டாவிலும் பிற இடங்களிலும் ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதல் 7 டெஸ்லா கருவியை மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது 2017 அக்டோபரில். இடைப்பட்டது பதினெட்டு ஆண்டு. அந்த மையம் அதோடு நிற்கவில்லை. 110 டன் எடையுள்ள 10.5 டெஸ்லா காந்தத்தை நிறுவி, அதிலும் மனிதரைப் படம் எடுத்திருக்கிறது. பிரான்சில் சாக்லே ஆய்வகத்தின் 11.7 டெஸ்லா கருவி 2024இல் மனித மூளையின் படங்களை வெளியிட்டது. டெஸ்லாக் கணக்கைப் பார்த்துப் போட்டி என்று சொல்லிவிடலாம். போட்டி மனோபாவம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு படி ஏறும்போதும், கீழ்ப்படியில் சரி என்று எண்ணிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தவறு என்று தெரியவருகிறது. அந்தத் தெரிதலுக்காகத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. சந்தேகத்தின் வீடு என்று சொல்லும் இதே மையங்களிலிருந்துதானே, காதலுக்கு இந்த இடம், பொய்க்கு அந்த இடம், பக்திக்கு இன்னோர் இடம் என்று மூளைக்குப் பட்டா போட்டுக் கொடுத்த ஆய்வுகள் கிளம்பின? கேள்வி நியாயமானது. 2009இல் கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று அதனிடம் கேட்டார்கள். வழக்கத்தில் இருந்த தளர்வான புள்ளியியல் முறைப்படி கணக்கிட்டபோது மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே தேறிவிடும். அதற்குரிய திருத்தத்தைச் செய்யாதவர்கள் எதையும் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் அந்தக் கேலியின் சாரம். 2016இல் ஆன்டர்ஸ் எக்லுண்டும் சகாக்களும் நடத்திய சோதனை கேலி அல்ல. எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஒரு வகைக் கணிப்பு முறை, நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்க வேண்டிய பொய் முடிவுகளைச் சில நிலைகளில் எழுபது வரை தருகிறது என்று அவர்கள் காட்டினார்கள். 2020இல் ஒரே தரவை எழுபது குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னபோது, இரண்டு குழுக்கள்கூட ஒரே வழியில் பகுக்கவில்லை. முடிவுகளும் கணிசமாக மாறுபட்டன. 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மூளையின் அமைப்பையும் மனிதரின் குணத்தையும் பொதுவாக இணைத்துப் பேச வேண்டுமானால் இருபத்தைந்து பேர் போதாது, ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்றது. அதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அந்த இருபத்தைந்து பேர் ரகத்தைச் சேர்ந்தவை.

இந்தச் சான்றுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை எந்தப் பக்கம் சாட்சி சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன நான்கு பிழைகளையும் வெளிப்படுத்தியவர்கள் பல்கலைக்கழகத்து ஆட்கள். எக்லுண்டின் குழு தன் சோதனையை நடத்தியது ஏற்கெனவே பொதுவில் கிடந்த 499 பேரின் தரவை வைத்து. 2022 ஆய்வு எடுத்துக்கொண்ட பெருந்தரவுகளில் மினசோட்டாவின் பங்குள்ள அந்த மூளை இணைப்புத் தரவும் ஒன்று. தரவைத் திறந்து வைத்தவர்கள், தங்கள் துறையையே கூண்டில் ஏற்றுவதற்கு வேண்டிய சாட்சியத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். எக்லுண்டின் கட்டுரையும் தப்பவில்லை: 40,000 ஆய்வுகளின் நம்பகம் கேள்விக்குள்ளாகிறது என்று முதலில் எழுதிய வாக்கியம் மிகை என்று மற்றவர்கள் சுட்டிக்காட்ட, அது திருத்தப்பட்டது. ஆனாலும் ஆட்சேபத்தில் ஒரு பங்கை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருத்தம் வர இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அந்த வண்ணப் புள்ளிகள் பத்திரிகைகளிலும் நீதிமன்ற வாசல்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் பரவிவிட்டன. அந்தப் புள்ளிகள் நியூரான்களின் நேரடிப் படம்கூட இல்லை; நியூரான் துடித்துச் சில நொடிகள் கழித்து வரும் இரத்தப் பாய்ச்சலின் தடம். 2001இல் ஜெர்மனியில் நிகோஸ் லோகோதெடிஸ் குழுவினர் குரங்குகளில் மின்முனையையும் எம்.ஆர்.ஐ.யையும் ஒரே சமயத்தில் வைத்து அளந்த பிறகுதான், இரண்டுக்கும் உள்ள உறவு பற்றி ஓரளவு தெளிவு பிறந்தது. ஆகவே மையம் என்று பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் சந்தேகம் குடியேறிவிடாது. புள்ளியியல் தெரிந்தவருக்கு இயற்பியலாளருக்குச் சமமான நாற்காலி வேண்டும். பிழையைக் கண்டவருக்குப் பதவி உயர்வில் இடைஞ்சல் வராத ஏற்பாடு வேண்டும். தரவு பூட்டில் இருக்கக்கூடாது. இவை இல்லாத மையம், விலை கூடின ஸ்கேன் சென்டர்தான்.

கருவியைச் செய்கிற கம்பெனிகளே இந்த ஆய்வையும் செய்துகொள்ளட்டும், பொதுப் பணம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. மீக்கடத்தி காந்தங்களையும் நம்பகமான கருவிகளையும் உலகெங்கும் கொண்டு சேர்த்தது தொழில் நிறுவனங்கள்தான். அவர்களுடைய பொறியியல் இல்லாவிட்டால் இது சில ஆய்வகங்களின் விந்தையாகவே நின்றிருக்கும். ஓகாவாவும் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தவர்தானே என்று கேட்கலாம். அந்த ஆய்வகம் ஏகபோகத்தின் நிழலில், சந்தைக் கவலை அதிகம் இல்லாமல், பல்கலைக்கழகம் மாதிரி நடந்த இடம். அப்படிப்பட்ட ஆய்வகங்கள் பிறகு அருகிப் போயின. இதைவிடத் தெளிவான சான்று காடோலினியம் மருந்தின் கதை. படத்தில் கட்டியும் வீக்கமும் துலங்க வேண்டும் என்பதற்காக நரம்பில் ஏற்றும் இந்த மருந்து 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாதுகாப்பானது என்று நம்பிக் கோடிக்கணக்கானவர்களுக்கு ஏற்றினார்கள். சிறுநீரகம் பழுதானவர்களில் சிலருக்குத் தோலும் உள்ளுறுப்பும் இறுகிப்போகும் கொடிய நோய்க்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2006இல் ஆஸ்திரிய மருத்துவர் ஒருவர் எழுதினார். 2014இல் ஜப்பானில் ஒரு குழு, பலமுறை இந்த மருந்து ஏற்றப்பட்டவர்களின் மூளையில், மருந்து ஏற்றாமல் எடுத்த படத்திலும், சில பகுதிகள் வெளுத்துத் தெரிவதைக் கண்டு, உலோகம் உடம்பில் தங்கிவிடுகிறதோ என்று ஐயம் எழுப்பியது. பிறகு திசுக்களில் அது உறுதியானது. 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை இவற்றுள் ஒரு வகையைச் சேர்ந்த பல மருந்துகளை நிறுத்திவைத்தது. சந்தேகப்பட்டவர்கள் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்களும் பழைய படங்களைத் திரும்ப எடுத்து நோக்கப் பொறுமை இருந்த ஆய்வாளர்களும். விற்கிறவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை.

மூன்றாவது ஆட்சேபம் காசு பற்றியது. ஏழை நாடுகளில் வாழும் நமக்கு இதுதான் முதலில் தோன்றும். சாதாரண ஸ்கேன் எடுக்கவே மாதக்கணக்கில் வரிசையில் நிற்கும் மக்கள் இருக்கும்போது, திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்த நூறு டன் காந்தம் யாருக்கு? விடை சற்று எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. மலிவான கருவிக்கான வழியைத் திறந்தவர்களும் இதே ஆய்வு உலகத்தினர்தான். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் ஒரு குழு 2024இல் 0.05 டெஸ்லா நிரந்தரக் காந்தத்தைக் கொண்டு முழு உடலையும் எடுக்கும் கருவியைச் செய்து காட்டியது. ஹீலியம் வேண்டாம், ரேடியோ அலையைத் தடுக்கும் தனி அறை வேண்டாம், 1,800 வாட் மின்சாரம், சுவரில் உள்ள சாதாரண பிளக் போதும். நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் வடிவமைத்த அதுபோன்ற கருவி உகாண்டாவின் ம்பராரா பல்கலைக்கழகத்தில் அங்கேயே பொருத்தி உருவாக்கப்பட்டது; அங்கே குழந்தைகளுக்குத் தலையில் நீர் கோர்க்கும் நோய் அதிகம், அதைக் காண அந்தப் படத்தின் தெளிவு போதும். சிறு காந்தத்தின் மங்கலான சமிக்ஞையிலிருந்து தெளிவான படம் எப்படி வருகிறது? உயர்புலக் கருவிகளில் எடுத்த ஏராளமான படங்களைக் கற்ற கணினி நிரல் அதைத் தெளிவாக்குகிறது. அதாவது எளிய கருவியின் பார்வை, பெரிய கருவியிடம் பாடம் கேட்டு வந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது பொய்யான நிர்ப்பந்தம்.

இந்த மலிவே சந்தேகத்தின் தேவையைக் கூட்டியும் விடுகிறது. கற்ற நிரல், தான் பார்த்திராத ஒன்றைக் காணும்போது, பார்த்துப் பழகிய ஒன்றால் அந்த இடத்தை நிரப்பக்கூடும். நியூயார்க் பல்கலைக்கழகமும் பேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து நடத்திய பொதுப் போட்டியில், 2020இல் வந்த நிரல்கள் குறைந்த தரவிலிருந்து மிக அழகான படங்களைத் தந்தன. கூடவே, உண்மையில் இல்லாத இரத்தக் குழாய் போன்ற அமைப்புகளைச் சில நிரல்கள் வரைந்துவிட்டதையும் ரேடியாலஜிஸ்டுகள் கண்டார்கள். பழைய கருவியின் பிழை அசிங்கமாக இருக்கும்: கோடு விழும், நிழல் விழும், பார்த்தவுடன் தெரியும். புதிய கருவியின் பிழை அழகாக இருக்கும். அழகான பிழையைப் பிடிக்க, மூலச் சமிக்ஞையிலிருந்து படம் வரை ஒவ்வொரு படியும் அறிந்தவர்கள் வேண்டும். கருவி மலிந்து ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரிக்கும் போகிற காலத்தில்தான் இவர்களுடைய தேவை பெருகும்.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. அதிகம் புரட்டப்படாத பக்கம். 1951இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், ஓடும் நீரில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை அளந்து இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். காயிலுக்குள் நிற்கும் நீர், அலையை வாங்கி வாங்கிச் சோர்ந்து சமிக்ஞையைக் குறைத்துவிடும். நீர் ஓடினால் சோர்ந்தது வெளியேறிப் புதியது உள்ளே வருவதால் சமிக்ஞை கூடும், அதைக் கொண்டு ஓட்டத்தை அறியலாம். இன்று சாயம் ஏற்றாமல் மூளையின் இரத்தக் குழாய்களை எம்.ஆர்.ஐ.யில் காண்கிற முறை நிற்பது இதே தத்துவத்தின் மேல். ஓட்டத்தை இவ்வழியில் அளந்த தொடக்கப் பணிகளுள் ஒன்றாகத் துறையின் வரலாறுகள் அதைக் குறிப்பிடுகின்றன. ஆனால் அந்தக் கட்டுரையைச் சுற்றி இங்கே ஒரு படிம மையம் எழவில்லை. நீரிலிருந்து இரத்தத்துக்குப் போகும் பாதையைப் போட்டவர்கள் வேறு நாட்டவர்கள். அந்தக் கருவிகளை நாம் விலை கொடுத்து வாங்கினோம். பெங்களூரில் திறமைக்குக் குறைவில்லை. காந்தமும் மருத்துவரும் பொறியாளரும் நீண்ட காலமும் ஒரே இடத்தில் சேரவில்லை. மும்பையின் சமீர் நிறுவனம் உள்நாட்டிலேயே 1.5 டெஸ்லா கருவியை உருவாக்கும் முயற்சியில் இருக்கிறது. மானேசரில் தேசிய மூளை ஆய்வு மையம் இருக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் நாட்டில் ஓடும் எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலானவை இறக்குமதியானவை. அவற்றின் உட்புறம் நமக்கு மூடிய பெட்டிதான். நம் மக்களின் உடம்பைப் பற்றி அந்தப் பெட்டிகள் சொல்லும் முடிவுகளை ஒப்புக்கொள்ளும் திறமை நம்மிடம் வளர்ந்திருக்கிறது. மறுக்கும் திறமை அதே அளவுக்கு வளரவில்லை.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அரசோ பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோ புதிய எம்.ஆர்.ஐ. கருவியை அறிவிக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பது எத்தனை டெஸ்லா, எத்தனை கோடி என்பதைத்தான். இனி இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்போம். கருவியின் மூலச் சமிக்ஞையை எடுத்துப் பார்க்க நம் ஆட்களுக்கு ஒப்பந்தத்தில் உரிமை இருக்கிறதா? நோயாளிகளைப் பார்க்காத நேரத்தில், அதைத் திறந்து சோதிக்க ஓர் இயற்பியலாளருக்கும் ஒரு புள்ளியியலாளருக்கும் சம்பளம் வைத்திருக்கிறார்களா? படம் தவறு என்று ஒருவர் சொன்னால் அதைப் பதிவு செய்ய, ஆராய, வெளியிட அங்கே வழி உண்டா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் அது ஆய்வு மையம். இல்லையென்றால் நாம் வாங்குவது இன்னொருவர் போட்டு முடித்த கணக்கின் விடையை மட்டுமே; அதற்கு எத்தனை கோடி கொடுத்தாலும் அது அதிக விலைதான்.